வீட்டு விளையில் நல்லமிளகுக் கொடி: தை வெட்டுவதிலிருந்து காயவைப்பது வரை

எங்கள் ஊர்ப் பக்கம் கடையில் போய் வெறுமனே "மிளகு" என்று கேட்டால், "நல்லமிளகா, வத்தல்மிளகா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மிளகாயும் இங்கே மிளகுதான். கொடியில் காய்ப்பது மட்டும் நல்லமிளகு. குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை, களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் விளைகளில் (வீட்டுத் தோப்புகளில்) ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு கொடியாவது இருக்கும். பலா மரத்திலோ அயினியிலோ தொற்றிக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காமலே வளர்ந்து, மார்கழி, தை மாதங்களில் இரண்டு கிலோ கொடுத்துவிட்டுப் போகும்.

அந்த 'யாரும் திரும்பிப் பார்க்காமல்' என்பதில்தான் சிக்கல். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, இலை கரும்பச்சையாக மினுங்குகிறது, ஆனால் காய் இல்லை என்று என்னிடம் வந்து சொல்லாத ஆள் கிடையாது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மிளகுக் கொடியில் எல்லாத் தலையும், அதாவது எல்லாத் தண்டும், ஒன்றல்ல. எது ஓடுகிற தலை, எது ஏறுகிற தலை, எது காய்க்கிற தலை என்று கண் பழகிவிட்டால் போதும், தை (நடுவதற்கான கொடித்துண்டு) வெட்டுவது, கட்டுவது, கழிப்பது, தொட்டியில் வைப்பது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் கொடியைப் பாருங்கள்

ஒரு வளர்ந்த கொடியின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஓடும் மெல்லிய கொடிகள் தெரியும். நுனி செம்மை படிந்து நீண்டு போகும். கணுவுக்குக் கணு மண்ணில் வேர் இறக்கும். மலையாளத்தில் இதற்குச் செந்தலை என்று பேர். இதில் காய் வராது. ஆனால் புதுக் கொடிக்குத் தாய் இதுதான்.

இரண்டாவது, மரத்தோடு ஒட்டி நேராக மேலே போகும் தண்டு. ஒவ்வொரு கணுவிலும் பூரான் கால் மாதிரி குட்டை வேர்கள் இருக்கும், அவை பட்டையைப் பிடித்துக்கொள்ளும். இது ஏறு கொடி. இதிலும் நேரடியாகக் காய் வராது.

மூன்றாவது, ஏறு கொடியின் கணுவிலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளை. கணுவில் பற்று வேர் இருக்காது, தண்டு லேசாக வளைந்து வளைந்து போகும். பூத்திரியும் (திரி போல நீளும் பூச்சரம்) காயும் இதில் மட்டும்தான். இதைப் பக்கக் கிளை என்றே சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு. மர உச்சிக்குப் போன கொடி பிடிக்க இடம் இல்லாமல் கீழே தொங்கும். வேரும் பிடிக்காது, காயும் தராது. அதை வெட்டி எறிவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

எந்த மரத்தில் ஏற்றுவது

வீட்டில் ஏற்கெனவே நிற்கும் மரம்தான் நல்ல மரம். பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும், பட்டையை உரித்துப் போடும் மரமாக இருக்கக் கூடாது. கொய்யாவில் ஏற்றினால் பட்டை உரியும்போது கொடியும் கூடவே கழன்று வரும். பலா, மா, அயினி, கமுகு, தென்னை எல்லாம் சரி.

புதிதாக மரம் நட்டு ஏற்றுவதென்றால் முன்பெல்லாம் முருக்குதான், அதாவது கல்யாண முருங்கை. கம்பை வெட்டி ஊன்றினால் போதும், தழையும் உரமாகும். 2005 வாக்கில் முருக்கு இலையில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும் சிறு குளவி ஒன்று வந்து மரங்களைத் தீர்த்துக்கட்டியதிலிருந்து அந்த நம்பிக்கை போய்விட்டது. இப்போது சீமைக்கொன்றை என்கிற கிளைரிசிடியாதான் கைகொடுக்கிறது. ஆடு தின்னும், மாடு தின்னும், வெட்ட வெட்டத் தழைக்கும். கொடி நடுவதற்கு ஒரு வருடமாவது முன்னால் கம்பை ஊன்றிவிட வேண்டும்.

மரத்தின் வலுவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் விளையில் உள்ளே பொத்தலாகிப் போயிருந்த ஒரு பழைய மா, பதினைந்து வருடக் கொடியோடு கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. மரத்துக்காக வருத்தப்பட்டது கொஞ்சம்தான். கொடிக்காக வருத்தப்பட்டது இன்னும் தீரவில்லை.

உயரமும் ஒரு கணக்கு. ஏணி எட்டாத உயரத்தில் காய்க்கும் மிளகு குருவிக்குத்தான். வளரவிடும் தாங்கு மரத்தை 6 மீட்டருக்கு மேல் போகாமல் கழித்துவிடுங்கள்.

இனம்

எல்லாருக்கும் தெரிந்த பேர் பன்னியூர் 1. கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உதிரங்கோட்டையையும் செறியகணியக்காடனையும் சேர்த்து உருவாக்கி, 1971-ல் வெளியிட்ட கலப்பின ரகம். திரி நீளம், மணி பெரிசு. ஆனால் வெயில் வேண்டும். அடர்ந்த பலா நிழலில் பன்னியூரை நட்டுவிட்டு காய்க்கவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தம் இல்லை. நிழலுக்குக் கரிமுண்டா. மணி சிறிசு, ஆனால் நிழலைத் தாங்கிக் காய்க்கும். தென் கேரளத்துக் கொட்டநாடன் எங்கள் பக்கத்துக்கும் ஒத்துவரும், காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். வாட்ட நோய் வந்து போன நிலம் என்றால், கோழிக்கோட்டு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட தேவம், சக்தி போன்ற தாங்கு திறன் உள்ள ரகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு மூன்று ரகம் கலந்து வையுங்கள் என்பேன். ஒரு வருடம் மழை முன்னே பின்னே போனால் ஒன்று ஏமாற்றும், மற்றது காப்பாற்றும்.

விதை போட்டு முளைக்கவைக்க வேண்டாம். முளைக்கும், ஆனால் தாயைப் போல வராது. காய்ப்புக்கு வர வருடக்கணக்கில் ஆகும், வெறும் ஆண் கொடியாகப் போய்விடவும் இடம் உண்டு. கொடியிலிருந்து கொடி, அதுதான் முறை.

தை எடுப்பது: ஐப்பசி முதல் மாசி வரை

முதல் வேலை தாய்க் கொடியைத் தேர்ந்தெடுப்பது. ஐந்து வயதாவது ஆகி, மூன்று நான்கு வருடம் தவறாமல் காய்த்த கொடியாக இருக்கட்டும். இலை சிறுத்து, குறுகி, மஞ்சள் திட்டுகளோடு கணுக்கள் நெருங்கி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது வைரஸ், மருந்து இல்லை, தை வழியாக உங்கள் வீட்டுக்கே வந்துவிடும். நாற்றுப் பண்ணையில் வாங்கும்போதும் இதையே பாருங்கள். நான் ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லைக்கு அப்பால் ஒரு பண்ணையில் 20 பை வாங்கிவந்தேன். இரண்டாம் வருடத்தில்தான் இலை சிறுத்தது தெரிந்தது. இருபதையும் பிடுங்கித் தீயில் போட்டேன்.

தாய்க் கொடி முடிவானதும், மழை விட்ட பிறகு அதன் தூரில் ஓடும் செந்தலைகளைத் தரையில் வேர்விட விடாமல், ஒரு குச்சி நட்டு அதில் சுற்றி வைத்துவிட வேண்டும். தரையில் வேர் பிடித்த கொடியை வெட்டி எடுத்தால் மண்ணில் இருக்கும் பூஞ்சையும் நூற்புழுவும் கூடவே வரும். குச்சியில் சுற்றி வைத்தால் சுத்தமான, முற்றிய கொடி கிடைக்கும்.

மாசியில், அதாவது பிப்ரவரி கடைசி மார்ச் முதலில், அதை வெட்டுங்கள். நுனியில் மூன்றில் ஒரு பங்கு பிஞ்சு, அழுகும். அடியில் மூன்றில் ஒரு பங்கு முற்றல், சீக்கிரம் முளைக்காது. நடுப் பங்குதான் வேண்டும். அதை இரண்டு அல்லது மூன்று கணு வரும்படி நறுக்குங்கள். இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் விட்டுவையுங்கள். பிறகு அந்தக் காம்பு தானாக உதிரும்.

மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பையில் நிரப்பி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஒரு பையில் இரண்டு மூன்று துண்டு வைக்கலாம். தென்னை ஓலை வேய்ந்த பந்தலின் கீழ் வையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். மூன்று நான்கு வாரத்தில் தளிர் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் உடனே வேர் பிடித்துவிட்டது என்று தூக்கி நட ஓடாதீர்கள். தண்டில் இருக்கும் சேமிப்பிலேயே தளிர் வரும், வேர் அதற்குப் பின்னால்தான். ஜூன் வரை பையிலேயே இருக்கட்டும்.

நடவு

குழியை மே மாதத்திலேயே வெட்டிப் போட்டுவிடுங்கள். தாங்கு மரத்தின் வடக்குப் பக்கத்தில், தூரிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அரை மீட்டர் நீள அகல ஆழத்தில். வடக்கு எதற்கென்றால், மாசி பங்குனி வெயில் தெற்கிலும் மேற்கிலும்தான் காய்ச்சும், மரமே குடையாக நிற்கட்டும். சரிவான விளையாக இருந்தால் மேற்குச் சரிவையும் தெற்குச் சரிவையும் தவிர்க்கப் பாருங்கள்.

தென்னைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் தூரில் மம்மட்டி இறங்காத அளவுக்கு வேர் பின்னிக் கிடக்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நட்டு, ஒரு கம்பு ஊன்றி அதில் கொடியை ஓரிரு வருடம் ஏற்றி, நீளம் வந்த பிறகு பதமாகத் தென்னைக்கு மாற்றிக் கட்ட வேண்டும்.

குழியில் மேல்மண், 5 கிலோ மக்கிய சாணம், ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 150 கிராம் பாறைப் பாஸ்பேட், 50 கிராம் டிரைகோடெர்மா (நோய்க் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சை). கலந்து மூடி, சுற்றியிருக்கும் தரையைவிட ஒரு சாண் உயரமாகவே மேடு கட்டுங்கள். மண் அமிழும். அமிழ்ந்த பிறகும் மேடாக இருக்க வேண்டும்.

நடும் நாள் பற்றி எங்கள் பாட்டாவுக்கு (தாத்தாவுக்கு) சந்தேகமே கிடையாது. அவர் மாசக் கணக்கு எல்லாம் கொல்லம் கணக்கு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்து, திருவாதிரை ஞாற்றுவேலை பிறந்தால் நடுவார். சூரியன் திருவாதிரையில் நிற்கும் அந்த இரண்டு வாரம், ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் சில நாளும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும். பறங்கிகள் (போர்த்துக்கீசியர்) மிளகுத் தையைக் கப்பலில் கொண்டுபோனதைக் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியிடம் சொன்னபோது, "கொடியைத்தானே கொண்டுபோவார்கள், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே" என்றாராம். நடந்ததோ கட்டியதோ, மலையாளத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

பையைக் கிழித்து, மண் உதிராமல் வைத்து, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி மூடி, தூரைச் சுற்றிக் கையால் அமுக்குங்கள். ஒரு மரத்துக்கு இரண்டு தை போதும்.

கட்டுவது, கழிப்பது

முதல் இரண்டு வருடம் செய்கிற இந்த வேலைதான் அடுத்த இருபது வருடக் காய்ப்பைத் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புதுத் தலை ஒரு சாண் வளர்ந்ததும் மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கட்ட வாழைநார். நைலான் கயிறு தண்டை அறுக்கும், வாழைநார் கொஞ்ச நாளில் தானாக இற்றுவிடும், அதற்குள் கொடி பிடித்திருக்கும். கட்டும்போது கணுவைக் கவனியுங்கள். இளம் கணுவின் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாக வேர் முளை தெரியும். அந்தப் பக்கம் பட்டையில் படும்படி தண்டை லேசாகத் திருப்பி, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கணுவுக்கு ஒரு விரல் கீழே முடிச்சுப் போட வேண்டும். கணுவின் மேலேயே கட்டினால் முளை நசுங்கும். பட்டை படாமல் கட்டினால் வேர் வெளியே காய்ந்து கருகிவிடும், அந்தக் கணு பிறகு ஒட்டவே ஒட்டாது. மழை நாளில் பட்டை நனைந்திருக்கும்போது கட்டினால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

செந்தலையிலிருந்து வந்த தை முதலில் மேலே மேலே போகவே பார்க்கும். அடியில் பக்கக் கிளை விடாமல் ஆள் உயரம் வரை மொட்டைத் தண்டாகவே போய்விடும். காய் முழுக்க உச்சியில், அடியில் வெறும் கயிறு. நான் முதன்முதலில் நட்ட கொடி ஒரே வருடத்தில் என் தலைக்கு மேல் போனதும் எல்லாரையும் கூட்டிவந்து காட்டினேன். பாட்டா பார்த்துவிட்டு, "இதுக்க தலைய நீ இப்பம் வெட்டல்லேன்னா, பொறவு ஏணி வச்சுதான் பறிக்கணும் மக்களே" என்றார். வெட்ட மனசு வரவில்லை. இன்றைக்கும் அந்த ஒரு கொடிக்கு மட்டும் ஏணியின் கடைசிப் படிவரை ஏறித்தான் பறிக்கிறோம்.

எட்டு பத்து கணு வந்ததும் நுனியை வெட்டிவிடுங்கள். கீழ்க் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று ஏறு கொடி கிளம்பும். அவற்றை மரத்தைச் சுற்றி இடைவெளி விட்டுப் பிரித்துக் கட்டுங்கள். அவை மறுபடி எட்டு பத்து கணு வந்தால் மறுபடி ஒரு வெட்டு. இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் அடியிலிருந்தே மரத்தை மூடிக்கொண்டு பக்கக் கிளை வரும், நின்றபடியே பறிக்கலாம்.

வெட்டாமல் விட்ட பழைய மொட்டைக் கொடிக்கும் வழி உண்டு. மழை தொடங்கும் நேரத்தில் மெதுவாக மரத்திலிருந்து பிரித்து இறக்கி, அடியிலிருக்கும் மொட்டைத் தண்டைத் தூரைச் சுற்றி ஆழமில்லாத பள்ளத்தில் வளையமாகப் படுக்கவைத்து மண் மூடி, பக்கக் கிளை இருக்கும் மேல்பகுதியைத் திரும்பவும் மரத்தில் கட்டுவார்கள். புதைத்த கணுக்கள் வேர்விடும். இதற்குப் பொறுமையும் இரண்டு ஆளும் வேண்டும். இளங்கொடியில் செய்யலாம். பத்து வயதுக் கொடியில் கை வைத்தால் ஒடித்துத்தான் வைப்பீர்கள்.

ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில், மழைக்கு முன்னால், தூரில் ஓடும் செந்தலை எல்லாவற்றையும் வெட்டுகத்தியால் அறுத்து வெளியே எடுங்கள், உச்சியில் தொங்குவதையும் சேர்த்து. தாங்கு மரத்தின் கிளைகளையும் அப்போதே கழித்துவிட்டால் மழைக்காலத்தில் வெளிச்சம் கிடைக்கும்.

தண்ணீரும் உரமும்

இளங்கொடிக்கு முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் கட்டாயம். தூரைச் சுற்றிக் காய்ந்த இலைச் சருகு, கமுகு மட்டை போட்டு மூடி, கொடி மேல் வெயில் படாமல் இரண்டு தென்னை ஓலையைச் சாய்த்து வையுங்கள்.

காய்க்கும் கொடிக்கு டிசம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை எட்டு பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு, பிறகு மழை பிடிக்கும் வரை நிறுத்திவிடுங்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு விழும் மழையில்தான் பக்கக் கிளையில் புதுத் தளிரும் கூடவே பூத்திரியும் தள்ளும். பூவுக்கு வண்டோ தேனீயோ பெரிதாக வேண்டியதில்லை. திரி வழியே வழியும் மழைத்துளியே மகரந்தத்தைப் பூவிலிருந்து பூவுக்குக் கொண்டுபோகும். அதனால் கொட்டித் தீர்க்கும் மழையைவிட நின்று பெய்யும் சாரல்தான் மிளகு மழை. பூத்த நேரத்தில் மழை இரண்டு மூன்று வாரம் ஏமாற்றினால் திரி உதிரும். அப்படி ஆனால் தண்ணீரைக் கொடியின் மேலேயே தெளித்துப் பாருங்கள், ஓரளவு தப்பும்.

உரம்: வருடத்துக்கு ஒரு கொடிக்கு 10 கிலோ மக்கிய சாணம். ரசாயன உரம் போடுபவர்களுக்குக் கேரளத்துப் பரிந்துரை 50 கிராம் தழைச்சத்து, 50 கிராம் மணிச்சத்து, 150 கிராம் சாம்பல்சத்து. சரக்காகச் சொன்னால் ஏறக்குறைய 110 கிராம் யூரியா, 250 கிராம் பாறைப் பாஸ்பேட், 250 கிராம் பொட்டாஷ். மே-ஜூனில் பாதி, ஆகஸ்ட்-செப்டம்பரில் பாதி. முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் வருடம் மூன்றில் இரண்டு, மூன்றாம் வருடத்திலிருந்து முழு அளவு. தூரை ஒட்டிக் கொட்டாமல் 30 செ.மீ. தள்ளி வளையமாகத் தூவி லேசாக மண் மூடினால் போதும், கொத்தக் கூடாது. மிளகின் வேர் மேலாகவே ஓடும். எங்கள் செம்மண் புளித்த மண் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு வருடம் ஏப்ரலில் அரைக் கிலோ சுண்ணாம்பும் போடுவது வழக்கம்.

வாட்டம்

மிளகு வைத்தவன் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். மலையாளத்தில் துரித வாட்டம் என்பார்கள். ஃபைடோப்தோரா என்கிற கிருமி. அதன் வித்துகளுக்கு வால் உண்டு, மண்ணில் நிற்கும் தண்ணீரில் நீந்தியே வேருக்கு வரும். மழைத்துளி தரையில் தெறிக்கும்போது சேற்றோடு இலைக்கும் ஏறும். மே மாதத்தில் செந்தலையை அறுக்கச் சொன்னதற்குப் பெரிய காரணம் இதுதான். தரையில் கிடக்கும் இலையில்தான் முதல் புள்ளி விழும், அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறும்.

புள்ளி எப்படி இருக்கும்? கருப்பாக, ஈரமாக, ஓரம் இறகு பிரிந்தது போல மசங்கலாக. இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே உதிரத் தொடங்கும். திரியும் கருத்து உதிரும். தூரில் தாக்கினால் இலையில் புள்ளியே இல்லாமல்கூட இரண்டு மூன்று வாரத்தில் முழுக் கொடியும் தொங்கிவிடும். தூர்ப் பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே கருத்து, கெட்ட வாடை வரும்.

கேரளத்தின் உள்பகுதியில் பெரிய ஆபத்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு சுற்று. தென்மேற்கும் பெய்யும், ஐப்பசியில் வடகிழக்கும் பெய்யும். ஆகஸ்டில் பயம் தீர்ந்தது என்று நினைத்த வருடம்தான் நான் மாட்டினேன். கோடையில் தண்ணீர் நிற்பதற்காகத் தூரைச் சுற்றி வெட்டிய தடத்தை மூட மறந்துவிட்டேன். ஐப்பசி மழையில் மூன்று நாள் அதில் தண்ணீர் கட்டி நின்றது. கார்த்திகை பிறக்குமுன் நான்கு கொடி போயிற்று, நான்கும் காயோடு.

அதனால் முதல் வேலை வடிகால். மழைக்கு முன் தடத்தை மூடி மேடாக்குங்கள், மேட்டிலிருந்து தண்ணீர் ஓடிப்போக வாய்க்கால் வெட்டுங்கள்.

இரண்டாவது போர்டோ கலவை. மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம். 10 லிட்டருக்குக் கணக்கு இது:

1. 100 கிராம் துரிசை (மயில்துத்தம்) பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது.
2. 100 கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பை வேறொரு வாளியில் நீற்றி, 5 லிட்டர் ஆக்கி, துணியில் வடிகட்டுங்கள்.
3. துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெதுவாக ஊற்றிக்கொண்டே குச்சியால் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரிந்துபோகும். சரியாக வந்தால் வானத்து நீலத்தில் பாலாக இருக்கும்.
4. தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துரிசு மிஞ்சியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேருங்கள். படியாமல் வரும்வரை.

அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மழை பிடிக்கும் முன் ஒருமுறை, ஜூலை-ஆகஸ்டில் மழை விடும் இடைவெளியில் ஒருமுறை, எங்கள் பக்கம் செப்டம்பர் கடைசியில் மூன்றாவது முறை. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். தூரைச் சுற்றிய மண்ணில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கொடிக்கு 5 முதல் 10 லிட்டர் ஊற்றலாம்.

டிரைகோடெர்மா போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதுவும் பூஞ்சைதான், துரிசு அதையும் கொல்லும். இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

செத்த கொடியை அப்படியே மரத்தில் தொங்கவிடாதீர்கள். வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிட்டு, குழி மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு, ஒரு வருடம் ஆறப்போட்டு அப்புறம் நடுங்கள்.

துரிதமாக இல்லாமல், வருடக்கணக்கில் மஞ்சளித்து மஞ்சளித்துச் சாகும் கொடியும் உண்டு. மழையில் தேறும், கோடையில் மறுபடி மஞ்சளாகும். அது வேரில் நூற்புழு. வேப்பம்பிண்ணாக்கு ஒரு கிலோவைப் பிரித்துப் போட்டு, டிரைகோடெர்மாவும் சேர்த்துப் பார்க்கலாம். முற்றியது தேறாது.

பொள்ளு வண்டு

மணி மஞ்சளாகிப் பிறகு கருத்துப்போகும், விரலால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லாமல் நொறுங்கும். அதுதான் பொள்ளு. சின்ன வண்டு முட்டையிட்டு, புழு உள்ளே போய்த் தின்றுவிட்டது. நிழல் கூடிய இடத்தில்தான் இது அதிகம், ஆக மரக்கிளை கழிப்பதே பாதி மருந்து. மிச்சத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் வேப்பெண்ணெய்க் கரைசல். இலை ஓரம் சுருண்டு மடங்கினால் இலைப்பேன். வளர்ந்த கொடிக்கு அதனால் பெரிய கேடில்லை, விட்டுவிடலாம்.

மரமே இல்லையென்றால்: தொட்டியில் குற்றுமிளகு

மார்த்தாண்டத்தில் மாடி வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள், மரத்துக்கு எங்கே போக என்று. மூன்றாவது தலையை நினைவில் வைத்திருக்கிறீர்களா? பக்கக் கிளையைத் தை எடுத்தால் அது ஏறாது, ஓடாது, பக்கவாட்டிலேயே கிளைத்துச் செடியாக நிற்கும். முழங்கால் உயரத்தில் காய்க்கும். அதுதான் குற்றுமிளகு.

ஒரு வயதான பக்கக் கிளையில் மூன்று முதல் ஐந்து கணுத் துண்டு எடுங்கள். நுனி இலை ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இது எளிதில் வேர்விடாது. வேர் ஊக்கி மருந்தில் அடியை முக்கி, பையில் நட்டு, அந்தப் பையை இன்னொரு பெரிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோக்கும், அந்த ஈரத்தில்தான் வேர் வரும். வாரம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டுங்கள். பத்து நட்டால் நான்கைந்து பிழைத்தாலே நல்ல கைராசி. இந்தப் பாடு வேண்டாம் என்பவர்கள் பிரேசில் திப்பிலியின் மேல் ஒட்டுக்கட்டிய செடியை வாங்கலாம். அந்தத் திப்பிலி வேருக்கு வாட்டம் வராது. ஆனால் அது ஈரம் கேட்கும், தண்ணீர் மறந்தால் தொங்கிவிடும்.

பெரிய தொட்டி, பாதி நாள் வெயில், மாதம் ஒரு கைப்பிடி பிண்ணாக்கு. அடியிலிருந்து நெட்டுக்குத்தாக ஒரு தலை கிளம்பினால் உடனே கிள்ளிவிட வேண்டும்.

பறிப்பதும் காயவைப்பதும்

நட்ட மூன்றாம் வருடம் கண்ணில் படுகிற அளவுக்குக் காய்க்கும், ஏழு எட்டு வருடத்தில் முழுக் காய்ப்பு. பூத்து ஆறு முதல் எட்டு மாதத்தில் பறிப்பு. எங்கள் தாழ்வான பகுதியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மலைமேல் மார்ச் வரை போகும். ஒரு திரியில் ஒன்றிரண்டு மணி ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறினால் அந்தத் திரி தயார். ஒரே நாளில் மொத்தக் கொடியையும் உருவாதீர்கள், இரண்டு மூன்று தடவையாகப் பறியுங்கள். ஏணியை மரத்தில் சாய்க்கும்போது கொடியின் மேல் சாய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரிகளை ஒரு இரவு சாக்கில் குவித்து வைத்தால் காலையில் மணி எளிதாக உதிரும். கையாலோ, சுத்தமாகக் கழுவிய காலாலோ மிதித்து உதிர்த்து, திரியைத் தனியே எடுங்கள். பிறகு ஓட்டைக் கூடையில் மணியைப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். தூசும் கிருமியும் போகும், சீக்கிரம் காயும், எல்லா மணியும் ஒரே கருப்பாக வரும். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம். கூட நேரம் கிடந்தால் வெந்துவிடும், மணமும் போகும்.

சாணம் மெழுகிய தரையில் காயவைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். சுத்தமான பாயிலோ சிமென்ட் தளத்திலோ மெல்லிசாகப் பரப்பி, நாளைக்கு நாலைந்து தடவை கிளறி, சாயங்காலம் அள்ளி மூடி வையுங்கள். நல்ல வெயிலில் நான்கைந்து நாள். சொளவில் (முறத்தில்) போட்டுக் குலுக்கினால் கலகலவென்று சரளைக்கல் மாதிரி சத்தம் வர வேண்டும், பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். பச்சையில் மூன்று கிலோ காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். புடைத்து, பொள்ளு நீக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் ஆனி மழையில் பூசணம் பிடித்துவிடும்.

வெள்ளை மிளகு வேண்டுமென்றால், நன்றாகப் பழுத்த சிவப்பு மணியைத் தனியே எடுத்து ஏழெட்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, தினம் தண்ணீர் மாற்றி, தோலைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். நாற்றம் பொறுக்க முடிந்தவர்கள் செய்யலாம். நான் ஒரு வருடம் செய்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் காயவைத்துவிட வேண்டாம். மணி முற்றியும் பழுக்காமலும் இருக்கும் டிசம்பர் தொடக்கத்தில் இருபது முப்பது திரியைத் திரியோடு அப்படியே பறித்துக் கழுவித் துடைத்து, உப்புத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி ஜாடியில் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பழங்கஞ்சியோடு ஒரு திரி.